விடுதியும் வீடும்

'விடு' என்னும் வேரிலிருந்து கிளைத்த தமிழ்ச் சொற்கள் பல. வீடு அவற்றுள் ஒன்று, விடுதி மற்றொன்று, விடுமுறையும் விடுதலையும் அக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. பகலெல்லாம் உழைத்தவன் உழைப்பை விட்டு இளைப்பாறும் இடத்தை வீடு என்றனர் முன்னோர். உயிர் தன் பற்றுகளை விட்டு எய்தும் பேற்றையும் அதே சொல்லால் வீடு என்றனர். செங்கல்லும் மரமும் கொண்டு கட்டிய ஒன்றுக்கும், கண்ணுக்குத் தோன்றாத ஒன்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டிய இனம், வீட்டைப் பற்றி ஆழ்ந்து எண்ணிய இனமாகத்தான் இருத்தல் வேண்டும்.

ஒருவன் விடுமுறை நாளில் தன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, தொலைவிலுள்ள ஊரில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று நாள் தங்குகிறான். அவ்வீடு ஒருகாலத்தில் யாரோ வாழ்ந்த வீடு. இடிந்து கிடந்ததைச் செப்பனிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, கூரை மாற்றி, குளியலறை கட்டி, இன்று வாடகைக்கு விடுகின்றனர். அவன் பணம் கொடுக்கிறான், சாவியைப் பெறுகிறான், நாள் முடிந்ததும் சாவியைத் திருப்பித் தந்துவிட்டுப் போகிறான். இதில் அறம் பற்றிய வினா எழ இடம் உண்டா? கொடுக்கல் வாங்கல் நேர்மையாக முடிந்த பின் மிச்சம் என்ன இருக்கிறது? மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு ஒன்றும் இராது. ஆனால் வடசிலாங்கூரின் கோலா குபு பாருவைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் நின்று பார்ப்பவர்க்கு இவ்வினா எளிதில் விடை காணக்கூடியதன்று.

கோலா குபு பாரு உலு சிலாங்கூர் மாவட்டத்தின் தலைநகர். தலைநகர்ப் பரபரப்பில் சலித்தவர்கள் ஒரு மணி நேரப் பயணத்தில் அங்கே சென்றுவிடலாம். ஆறும் மலையும் காடும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை, கெப் கணவாயைக் கடந்து, பகாங் மாநில எல்லைக்குள் இருக்கும் பிரேசர் மலைக்குச் செல்கிறது. மலைமீது ஆங்கிலேயர் கட்டிய கல்வீடுகள். கீழே பழைய தோட்டத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள். ஊருக்குள் 1930களின் கடைவீடுகள். இத்தகைய பழைய கட்டடங்களுக்கு இன்று புதிய மதிப்பு வந்திருக்கிறது. மாடிக்கட்டடத்து நெருக்கத்தில் வாழும் நகரத்தார், அகன்ற தாழ்வாரத்தையும் உயர்ந்த கூரையையும் மரச்சன்னலையும் தேடி வருகின்றனர்.

இவ்வூரின் வரலாறே வீடிழந்தோர் வரலாறு என்றால் மிகையாகாது. இன்றைய நகருக்குச் சற்று அப்பால் இருந்தது பழைய கோலா குபு. 1883-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அங்கிருந்த பழைய அணை உடைந்தது. பெருக்கெடுத்த வெள்ளம் ஊரை அழித்தது. மாவட்ட அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங் என்பவரும் அதில் மாண்டார். அணை உடைந்த இடத்திற்கு இன்றும் அம்பாங் பெச்சா என்றே பெயர்; 'உடைந்த அணை' என்பது அதன் பொருள். மீண்டும் எழுந்த ஊரை அடுத்துவந்த ஆண்டுகளில் ஈயச் சுரங்கங்களிலிருந்து அடித்து வரப்பட்ட மணல் மெல்ல மெல்ல மூடியது. ஆற்றின் மட்டம் உயர, ஊரின் மட்டம் தாழ்ந்தது. 1920களில் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களுக்குப் பின் ஊரையே பெயர்த்து மேட்டு நிலத்தில் அமைக்க முடிவாயிற்று. அரசாங்க நகரமைப்பாளரான சார்ல்ஸ் ரீட், பூங்கா நகர் என்னும் கொள்கைப்படி அதனை வகுத்தார். 'பாரு' என்றால் புதியது. வீடிழந்த மக்களுக்காக எழுந்த புதிய ஊர் அது.

அங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. ஊரை இழந்த வணிகர்க்கும் அலுவலர்க்கும் அரசு மாற்று ஊர் தந்தது. இழப்பதற்கு ஏதேனும் ஒன்று சொந்தமாக இருந்தவர்க்கே இழப்பீடு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. அவ்வூரைச் சுற்றிலும் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கோ இழக்கவும் வீடில்லை. அவர்கள் வாழ்ந்த லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். வேலை போன அன்று கூரையும் போகும்.

இக்கருத்தைத் தெளிவாக உணர, தொலைவிலுள்ள வேறொரு நாட்டுப்புறத்தை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். பிரான்சு நாட்டின் மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டு கிடப்பது பிரித்தானி. அங்கே கருங்கல்லால் கட்டிய தாழ்ந்த உழவர் வீடுகள் நிறைய உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டு இளைஞர் கூட்டங்கூட்டமாக நகரத்துக்குச் சென்றனர். பிரித்தானியர் பலர் பாரிசு நகரின் மோன்பர்னாசு நிலையத்தில் இறங்கி, அதைச் சுற்றியே குடியேறினர். ஊரில் வீடுகள் பூட்டிக் கிடந்தன, கூரைகள் இற்றன. பிரான்சு முழுவதும் இதுவே நிலைமை. அப்போது எமில் ஒபேர் என்னும் மேலவை உறுப்பினர், தென்கிழக்கு மலைப்பகுதியில் ஒரு வழி கண்டார். உழவர்கள் தங்கள் வெறும் வீடுகளைச் செப்பனிட்டு, நகரத்தார்க்கு விடுமுறை நாள்களில் வாடகைக்கு விடட்டும். அவ்வருவாய் அவர்களை மண்ணிலேயே நிலைக்கச் செய்யும் என்பது அவருடைய எண்ணம். 1951-இல் அத்தகைய முதல் வீடு திறக்கப்பட்டது. 1955-இல் அவ்வீடுகளுக்கெனத் தேசியக் கூட்டமைப்பு ஒன்றும் உருவாயிற்று. பின்னர் பிரித்தானியிலும் அவ்வழக்கம் வேரூன்றியது.

அம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. வெளியார் வந்து வீடுகளை வாங்கிக் குவித்தால் விலை ஏறும். உள்ளூர் இளையோர்க்கு வீடு எட்டாக் கனியாகும். கோடையில் விளக்கெரியும் ஊர் குளிர்காலத்தில் இருண்டு கிடக்கும். இக்குறைகளை அந்நாட்டார் இன்றளவும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றனர். எனினும் அத்திட்டத்தின் அடிப்படையில் ஒரு நேர்மை இருந்தது. உழுதவன் வீடு உழுதவனுடையதாக இருந்தது. அவன் பாட்டன் சுமந்த கல்லே சுவராக நின்றது. அவ்வீட்டைச் செப்பனிட்டபோது அவன் தன் குடும்பத்தின் நினைவைச் செப்பனிட்டான். வாடகைக்கு வந்தவனுக்கு வாயிலில் நின்று வரவேற்பு கூறியவன் அந்த மண்ணின் மகன். பணம் கைமாறிய போதிலும் அங்கே விருந்தினனும் உண்டு, விருந்தளிப்பவனும் உண்டு.

சிலாங்கூர் மண்ணோடு பிரெஞ்சுக்காரர்க்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது இங்கே நினைக்கத்தக்கது. ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டம் அமைத்தார். 1917-இல் அப்பகுதியில் அவர் தொடங்கிய தென்னமரம் தோட்டமே மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் எனக் கூறப்படுகிறது. தோட்டத்தின் பெயரே தமிழ். பிற்காலத்தில் அவர் மலாயா வாழ்வைப் பற்றி எழுதிய புதினம், 1930-இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசைப் பெற்றது. ஒரு பிரெஞ்சுக்காரர் கோலா சிலாங்கூரில் வீடு கட்டி வாழவும், அதை நேசிக்கவும், அவ்வாழ்வை உலகறியச் செய்யவும் இயன்றது. அவர் திறமை போற்றத்தக்கதே. ஆனால் அவர் தோட்டத்தின் பெயரிலே தம் மொழியைப் பதித்த மக்கள், அந்தத் தோட்டத்து மண்ணில் ஒரு சாண் இடத்தையும் தமதென்று சொல்ல முடியாதிருந்தது. பெயர் அவர்களுடையது, நிலம் வேறொருவருடையது.

லயத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு அதை விரித்துக் கூற வேண்டியதில்லை. இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், வெயில் ஏறுமுன் மரம் சீவியாக வேண்டும், குழந்தை ஆயாக்கொட்டகையில். ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளில் ஒரு குடும்பத்தின் இருமல் அடுத்த குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்கும். மேட்டில், மரநிழலில், நாற்புறமும் தாழ்வாரத்தோடு துரையின் பங்களா. அதன் முன்வாயில் வேறு, பின்வாயில் வேறு. சமையற்காரரும் தோட்டம் கூட்டுபவரும் துணி துவைப்பவரும் பின்வாயிலை மட்டுமே அறிந்திருந்தனர்.

மலைமீதும் நிலைமை வேறன்று. 1920களில் பிரேசர் மலை, வெப்பத்தில் வாடிய ஆங்கிலேயர்க்கு இளைப்பாறும் இடமாக உருவாயிற்று. தம் தாய்நாட்டுச் சிற்றூர் வீடுகளை நினைவூட்டும் வகையில் அவர்கள் அங்கே கல்வீடுகளையும் கணப்படுப்புகளையும் அமைத்துக்கொண்டனர். அக்காலத்தில் பொதுப்பணித் துறையின் சாலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் உழைத்தோருள் தமிழர் பெருந்தொகையினர். ஒருவருடைய ஓய்வுக்கான வழியை மற்றொருவருடைய முதுகு அமைத்தது. அவ்வழி எப்போதும் அமைதியாகவும் இருந்ததில்லை. 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், வார இறுதியைக் கழிக்கப் பிரேசர் மலைக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, அந்தச் சாலையிலேயே கம்யூனிஸ்டுப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு அவசரகாலத்தில் இருந்தது. ஓய்வைத் தேடிச் செல்பவனை அவன் விலக்கி வைக்க எண்ணிய உலகம் வழியிலேயே சந்தித்துவிடுகிறது.

அவசரகாலத்தில்தான் மூவின மக்களுக்கும் வீட்டோடுள்ள உறவு மூன்று வகையாக உறுதிப்பட்டது. மலாய்க்காரர்க்குக் கம்பம் இருந்தது. 1913-ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் அவர்தம் நிலத்துக்கு ஓரளவு காப்பளித்தது. காட்டோரம் சிதறி வாழ்ந்த சீனர்கள் 1950-இல் தொடங்கிய திட்டப்படி புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அது வன்முறையான குடியேற்றமே. முள்வேலியும் ஊரடங்கும் கொண்டதே. ஆயினும் ஒரு மனைநிலத்துக்கு அது வழிவகுத்தது. தோட்டத் தமிழர்க்கோ அவரவர் தோட்டத்துக்குள்ளேயே வேலி இடப்பட்டது. வேலி வந்தது, மனைநிலம் வரவில்லை.

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி வெள்ளையர் பலர் தங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அதைக் கூறுவர். தலைமுறைகளாக உழைத்தவர்கள் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அந்நாளில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் தோட்டங்களை வாங்க வழிசெய்தார். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் அவ்வாறு வாங்கப்பட்டவற்றுள் முதலாவது. உழைப்பவனே உடைமையாளன் ஆக வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது கொடுத்த உருவம் சிறியதன்று. ஆயினும் எல்லாத் தோட்டங்களுக்கும் அது எட்டவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் கோல்ப் திடல்களும் வந்தன. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் போன்ற தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், சொந்த வீடு என்ற வாக்குறுதி நிறைவேறுவதற்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் செப்பனிட்ட விடுதியின் பொருள் விளங்குகிறது. தோட்டம் ஒன்று மறையும்போது எதைப் பாதுகாக்கின்றனர்? பெரும்பாலும் பங்களாவை. எதை இடிக்கின்றனர்? லயத்தை. பங்களா தேக்காலும் செங்கல்லாலும் கட்டப்பட்டது, லயம் பலகையாலும் தகரத்தாலும் ஆனது. உறுதியானது நின்றது, உறுதியற்றது வீழ்ந்தது என்று இதற்குக் காரணம் கூறலாம். அது பாதி உண்மை. ஒருவனுக்கு உறுதியான வீட்டையும் மற்றவனுக்கு உறுதியற்ற வீட்டையும் கட்டித் தந்த முடிவு இயற்கையுடையதன்று, மாந்தருடையது. எந்த நினைவு நிலைக்க வேண்டும், எது மக்க வேண்டும் என்பது வீடு கட்டிய நாளிலேயே முடிவு செய்யப்பட்டுவிட்டது. செப்பனிடுபவர் அறியாமலே அந்த முடிவுக்கு மறுபடியும் கையெழுத்திடுகிறார்.

அழகு பற்றிய ஒரு நுட்பமும் இதில் அடங்கியுள்ளது. விறகடுப்பும் கிணற்று நீரும் அரிக்கன் விளக்கும் விடுமுறைக்கு வந்தவனுக்கு இன்பமாக இருக்கின்றன. அதே அடுப்பின் முன் கண் எரிய நின்றவளுக்கு அவை இன்பமாக இருந்ததில்லை. பொருள் மாறவில்லை, கட்டாயம் மாறியிருக்கிறது. வேண்டும்போது மூட்டி, வேண்டாதபோது மின்னடுப்புக்குத் திரும்பும் உரிமை உள்ளவனுக்கே விறகு நறுமணம் வீசும். தேவை வெளியேறிய வீட்டிலேதான் அழகு குடியேறுகிறது. இதனால் அவ்வழகு பொய் என்று கூற இயலாது. அது ஒருவர் துன்பம் நீங்கியபின் மற்றொருவர்க்குக் கிடைத்தது என்பதையே உணர வேண்டும்.

இனி, அறவினாவுக்கு வரும் விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

இத்தகைய வீடுகளில் தங்குவதே தவறு, பழைய வியர்வையின் மீது பாய் விரித்துப் படுப்பது அறமாகாது என்பது ஒரு சாரார் கருத்து. கேட்பதற்கு உயர்வாகத் தோன்றினும் இது நடைமுறைக்கு ஒவ்வாது. வியர்வை சிந்தாத மண் எது? துன்பம் படியாத சாலை எது? இக்கொள்கையை முழுமையாகப் பின்பற்றுபவன் மலையேறவும் முடியாது, இரயிலேறவும் முடியாது. மேலும் விடுதி மூடப்பட்டால் முதலில் வேலை இழப்பவர் அங்கே கூட்டிப் பெருக்குபவரும் சமைப்பவருமே. ஒருவன் தன் மனத்தூய்மைக்காக மற்றவர் அடுப்பை அணைப்பது அறத்தின் பெயரால் செய்யும் தன்னலம்.

நேற்று நேற்றோடு போயிற்று, வாடகை கொடுத்தாயிற்று, கணக்கு தீர்ந்தது என்பது மற்றொரு சாரார் கருத்து. இங்கே குற்றம், கடன் என்னும் இரண்டையும் பிரித்து நோக்க வேண்டும். இன்று தங்க வருபவன் அன்றைய கொடுமைக்குக் குற்றவாளி அல்லன். தான் செய்யாத ஒன்றுக்காக ஒருவனைக் குற்றவாளியாக்குதல் நீதியன்று. ஆனால் கடன் வேறு வகையைச் சேர்ந்தது. தந்தை வாங்கிய கடனுக்கு மகன் குற்றவாளி ஆவதில்லை. எனினும் தந்தையின் சொத்தை அனுபவிப்பவன் அச்சொத்தின் மேலுள்ள கடனை அறியேன் என்று கூற முடியாது. ஒரு வீட்டின் அமைதியையும் பழமையையும் அனுபவிப்பவன் அவ்வமைதியின் வரலாற்றையும் சேர்த்தே ஏற்க வேண்டும். வாடகை இரவுகளுக்கு விலை; நினைவுக்கு விலையன்று.

மூன்றாவது விடை எல்லாவற்றிலும் நுட்பமானது. லயத்தில் பிறந்தவரின் பேரன் படித்து, பட்டணத்தில் நல்ல வேலை பெற்று, மனைவி மக்களோடு வந்து, பாட்டன் முன்வாயிலால் நுழைய முடியாத பங்களாவில் முன்வாயிலாலேயே நுழைகிறான். இதைவிட நேர்த்தியான நீதி உண்டா என்று பலர் கேட்பர். அப்பேரனின் பெருமிதம் இயல்பானது. அதைக் குறைகூற யார்க்கும் உரிமையில்லை. ஆனால் அது முழு நீதிதானா என்பதை ஆராய வேண்டும். பணம் உள்ளவன் எவனாயினும் முன்வாயிலால் வரலாம் என்பதே அங்கே நிலைநாட்டப்பட்டிருக்கிறது. முன்வாயில், பின்வாயில் என்னும் வேற்றுமை அப்படியே இருக்க, வாயில் வழியே செல்பவர் மட்டும் மாறியிருக்கிறார். அவன் பங்களாவின் தாழ்வாரத்தில் அமர்ந்து தேநீர் அருந்தும் அதே வேளையில், அப்பால் செம்பனைக் குலைகளை வெட்டிச் சுமப்பவர் இந்தோனேசியரோ வங்காள தேசத்தவரோ நேப்பாளியரோ ஆவர். அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. அவர்கள் வாழும் வீடும் அவர்களுடையதன்று. வேலை முடிந்தால் கூரையும் முடியும். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு விரிவாக்கப்பட்டது உண்மையே. சட்டம் கூரையின் தரத்தை உயர்த்தலாம். கூரையை வேலையோடு கட்டியிருக்கும் முடிச்சை அது அவிழ்க்கவில்லை. லயம் இடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. அதன் குடிகள் மாறியிருக்கின்றனர்.

ஆகவே அந்தப் பேரனுக்கு வரும் சோதனை அவன் எந்த வாயிலால் நுழைந்தான் என்பதன்று. பின்வாயிலில் இன்று நிற்பவரை அவன் எவ்வாறு நோக்குகிறான் என்பதே. தன் பாட்டியின் முகத்தை அந்த அயல்நாட்டுப் பணிப்பெண்ணின் முகத்தில் கண்டால் அவன் வரலாற்றை அறிந்தவன் ஆவான். காணாவிட்டால் துரையின் நாற்காலியில் அமர்ந்த மற்றொரு துரையே ஆவான்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தை ஒதுக்கினார். அதை இல்லறவியலில் வைத்தார். அந்த இடவைப்பு தற்செயலானதன்று. இல்லறம் என்பது இல்லிலிருந்து செய்யும் அறம். இல் ஒன்று இருந்தால்தான் வருவோரை வரவேற்க இயலும். விருந்தோம்பலைத் தலையாய பண்பாகப் போற்றும் ஓரினத்தை, நூற்றாண்டுக்கு மேலாகத் தனக்கென ஓர் இல் இல்லாமல் வைத்திருந்தது பொருளாதாரக் கொடுமை மட்டுமன்று. அறம் செய்யும் வாய்ப்பையே பறித்த கொடுமை. லயத்திலும் மக்கள் விருந்தோம்பினர். இருந்த கஞ்சியைப் பகிர்ந்தனர். இருந்த பாயை விரித்தனர். ஆனால் அந்தத் திண்ணையும் தமதன்று என்பதை அவர்கள் எந்நாளும் மறக்க முடியவில்லை. உறவினர் சில நாள் தங்குவதற்கும் தோட்ட நிருவாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்த நிலையில், விருந்து எங்ஙனம் அச்சமின்றி நடைபெறும்?

1995-இல் மலேசிய அரசு, நாட்டுப்புறக் குடும்பத்தாரோடு பயணிகள் தங்கும் திட்டத்தைப் பகாங் மாநிலத்தின் தெமர்லோ வட்டாரத்தில் தொடங்கி வைத்தது. பிரெஞ்சு உழவர்க்கு ஒபேர் எண்ணியது போன்ற நன்னோக்கம் அதில் உண்டு. கம்பத்து மக்கள் தங்கள் வீட்டை, உணவை, வழக்கத்தை விருந்தினரோடு பகிர்ந்து வருவாய் பெற்றனர். அத்திட்டம் பெரும்பாலும் கம்பங்களிலேயே வளர்ந்தது. தோட்டப்புறத் தமிழர் அதில் பெரும்பங்கு பெறாததற்கு அவர்தம் சமையலோ பண்போ குறைவு என்பது காரணமன்று. வரவேற்று அமர்த்தச் சொந்தத் திண்ணை இல்லாதவர் எங்ஙனம் பங்கேற்க இயலும்? பிரித்தானியின் உழவர் மகனுக்குக் கிடைத்தது இடிந்த வீடுதான். ஆனால் இடிந்ததும் அவனுடையதாக இருந்தது. தோட்டத் தமிழன் மகனுக்கு இடிபாடும் சொந்தமில்லை. இரு நாட்டுப்புறங்களுக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இதில் அடங்கும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பழைய பங்களாவைச் செப்பனிட்டு விடுதியாக்குபவர்க்கு ஒரு கடமை உண்டு. வீட்டின் கதையைச் சொல்லும்போது பாதியைச் சொல்லி நிறுத்தலாகாது. துரையின் படத்தையும் அவர் வளர்த்த நாயின் படத்தையும் சுவரில் மாட்டுபவர், அத்தோட்டத்துப் பெரட்டுக்களம் இருந்த இடத்தையும் லயம் நின்ற வரிசையையும் கோயில் இருந்த மூலையையும் குறித்துவைத்தல் வேண்டும். இயலுமாயின் லயத்தின் ஒரு வரிசையையேனும் இடியாமல் காத்தல் வேண்டும். அவ்வட்டாரத்துப் பழைய குடும்பத்தார்க்கு வேலைக்காரர் என்னும் நிலையில் மட்டுமன்றிப் பங்காளிகள் என்னும் நிலையிலும் இடம் தருதல் வேண்டும். அரசுக்கும் தோட்ட நிறுவனங்களுக்கும் உள்ள கடமை இன்னும் பெரிது: இன்றைய தொழிலாளர்க்கு வேலையோடு கட்டப்படாத வீடு கிடைக்க வழிகாணுதல்.

தங்க வருபவனின் கடமை இவற்றைவிடச் சிறியது. ஆனால் அது அவன் கையில் உள்ளது. இது யார் வீடு, இங்கே யார் யார் வாழ்ந்தனர் என்று அவன் கேட்கலாம். பிள்ளைகளுக்கு முன்கூடத்தைக் காட்டுவதோடு பின்கட்டையும் காட்டலாம். பணிசெய்பவரைப் பெயர் கேட்டு அழைக்கலாம். இவை வரலாற்றை மாற்றிவிடா. ஆனால் பணம் கொடுத்து ஓரிடத்தைப் பயன்படுத்துபவனுக்கும், ஓரிடத்தில் விருந்தினனாக இருப்பவனுக்கும் உள்ள வேற்றுமை இத்தகைய சிறு செயல்களில்தான் இருக்கிறது. விருந்தினன் என்பவன் தனக்கு முன் அங்கே வாழ்ந்தவரை மதிப்பவன்.

தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இன்று வட்டிக்குக் கடன் வாங்கியேனும் சிறு வீடுகளைச் சொந்தமாக்கிக்கொண்டுள்ளன. இரண்டு மூன்று அறைகளே உள்ள வரிசை வீடுகள் அவை. பழமையின் அழகோ மலைக்காட்சியோ அவற்றுக்கு இல்லை. விடுமுறைக்கு அவற்றைத் தேடி எவரும் வருவதில்லை. ஆயினும் அவ்வீடுகளின் வாயிலில் நிற்கும் முதியவர்க்கு வருபவரை 'உள்ளே வாருங்கள்' என்று அழைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. மலைமீதுள்ள கல்வீடுகள் எத்தனை நேர்த்தியாகச் செப்பனிடப்பட்டாலும், அச்சொல்லை அச்சமின்றிச் சொல்லும் உரிமையை அவற்றால் வாடகைக்குத் தர இயலாது.